பவுலின் பிசைந்த சோறு

என் மனைவி பவுலின் நல்லவள். இந்த ஒரு குறையைப் பொறுத்துக்கொண்டுதான் கல்யாணமான நாளிலிருந்து அவளோடு குடும்பம் நடத்துகிறேன்.

சிரிக்காதீர்கள். நல்லவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும். ஊரே அவளைப் புகழும். அவள் புருஷன் மட்டும் ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

ஓசூரில் இராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் லைன் வீடுகள். ஒரே சுவர், வரிசையாக எட்டு வாசல், எட்டிலும் கம்பெனிக்குப் போகிற சனங்கள். புருஷன் ஒரு கம்பெனி, பெண்டாட்டி ஒரு கம்பெனி. அவன் உள்ளே வரும்போது இவள் வெளியே போவாள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது? பவுலினிடம்தான். அவள் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள், எந்நேரமும் இருப்பாள். எங்கள் நிலைக்கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்து, எல்லார் வீட்டுச் சாவியும் தொங்கும். எங்கள் வீட்டுச் சாவிக்கு மட்டும் அங்கே ஆணி இல்லை. ஒருநாள் அதை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்தேன்.

அவளுக்குச் சொந்த ஊர் எலத்தகிரி. அப்பா பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர். குவாரிக்கு வரும் வெளியூர் ஆட்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டில்தான் குடிதண்ணீர், காயத்துக்கு மருந்து, அழுவதற்கு ஒரு மூலை. அந்த வீட்டில் வளர்ந்தவள். நான் பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காபித் தட்டை என் கையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் மாடு கன்று போடமுடியாமல் கத்துகிறது என்று ஓடிவிட்டாள். நான் அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கோ அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய அழகுதான் கண்ணில் நின்றது.

என் பெயர் இருதயராஜ். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் கேஜ் வைத்துப் பார்ப்பது என் வேலை. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று பவுலின் சொல்வாள். வரட்டுமே. மூன்றாவது வீட்டு ஹமீதுன்னிசாவுக்குக் கால் சுளுக்கியபோது பவுலின் அவள் காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். எனக்குக் கால் வலித்தால், "தைலம் அலமாரியில இருக்குது பாருங்க" என்பாள். இரண்டும் ஒரே அளவா? நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பொறாமை உண்டு. அதில் ஆண் பெண், சாதி மதம் எதுவும் பார்ப்பதில்லை. அவள் கை யார்மேல் பட்டாலும் எனக்கு எரியும். ஒருமுறை நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, எல்லாரையும் நேசிக்கணும், சரி. புருஷனுக்குன்னு கூட ஒரு கரண்டி ஊத்த மாட்டியா?"

"உங்களுக்கு இன்னா கொறைச்சல்?" என்றாள்.

குறைச்சல் ஒன்றும் இல்லை. சோறு இருக்கிறது, துவைத்த சட்டை இருக்கிறது. எங்கள் மகள் சுவேதா பர்கூர் என்ஜினியரிங் காலேஜில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கூட ஒரு கரண்டிதான். அதைக் கேட்டு வாங்க முடியாதே.

இப்படி இருக்கும்போதுதான் ஐந்தாவது வீட்டு சௌந்தரராஜன் யானையைப் பார்த்தான்.

சௌந்தரராஜனுக்குக் கோவில்பட்டிப் பக்கம். மெஷின் ஆபரேட்டர். முப்பது வயது, சுருட்டை முடி, நல்ல பல் வரிசை. பெண்டாட்டி முத்துமணி நிறைமாதம் என்று ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருந்தான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், விடியற்காலைப் பனியில் உத்தனப்பள்ளிக்குப் பைக்கில் போயிருக்கிறான். சானமாவு காட்டுக்குள் திரும்பினால் ரோட்டின் குறுக்கே யானை. அலறிப் பிரேக் பிடித்துக் கையை ஊன்றி விழுந்தான். யானை இவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டதாம். இவனுக்கு இரண்டு மணிக்கட்டும் போச்சு. விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரை இரண்டு கைக்கும் மாவுக்கட்டு.

"ஊருக்குப் போயேன்ப்பா" என்று எல்லாரும் சொன்னோம்.

"வேண்டாம்ணே. இந்தக் கோலத்துல பாத்தா முத்துமணி பயந்துருவா. தலைப்பிரசவம். லேசா சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். யாரும் சொல்லிராதீக" என்றான்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மதியம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்வரை பாவமாக இருந்தது.

வந்தேன். வீட்டில் அவள் இல்லை. சோறு மூடி வைத்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் ஐந்தாவது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவன் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தான். எதிரே முக்காலியில் என் மனைவி. மடியில் தட்டு. முருங்கைக்காய்ச் சாம்பாரும் சோறும் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கன்னுக்குட்டி மாதிரி வாயைத் திறந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பவுலின் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சமும் பதறவில்லை. "வந்துட்டீங்களா? சோறு மூடி வச்சிருக்கேன். போட்டுக்கோங்க" என்றாள்.

போட்டுக்கோங்க! எனக்குப் போட்டுக்கோங்க, அவனுக்கு ஊட்டலா? கல்யாணத்தன்று போட்டோக்காரன் சொன்னானே என்று ஒரு துண்டு கேக்கை என் வாயில் வைத்தாள். அதோடு சரி. இருபது வருடமாக அந்தக் கை என் வாய்ப்பக்கம் வந்ததில்லை. எனக்கு உரிய கை அது. நான் கேட்காமல் விட்டது என் பெருந்தன்மை. அதற்காக ஐந்தாவது வீட்டுக்குக் கொடுத்துவிடுவதா?

அவள் வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்பூன்ல குடுத்தா ஆகாதா?"

"ஸ்பூன்ல குடுத்தேன். பாதி நெஞ்சுலதான் ஊத்துது. சின்னப் புள்ளையா அவரு, வெக்கப்பட்டுகினு பட்டினி கிடக்கிறாரு."

"பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?"

"பேசினு போவட்டும்."

"அவன் உனக்கு யாருடி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அஞ்சாவது வீடு" என்றாள். அதற்குமேல் அதில் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பேசத்தான் செய்தார்கள். வீட்டுக்காரர் திம்மப்பன் கன்னடக்காரர். வாடகை வாங்க வந்தவர் வாசலில் நின்று மீசையைத் தடவினார். "ஏன்ப்பா இருதயராஜு, உன் மனே ஊட்டா தினா ஆ மனேக்கு போகுதே? உனக்கு மிச்சம் ஏதாவது இருக்குதா?" என்று சிரித்தார். உன் வீட்டுச் சாப்பாடு தினமும் அந்த வீட்டுக்குப் போகிறதே என்கிறார். நானும் சிரித்தேன். சிரித்த வாய் இரவுவரை வலித்தது.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோவிலிலிருந்து வரும் வழியில், இந்தத் தவக்காலம் முழுக்க அந்தப் பையனைப் பார்த்துக்கொள்வதுதான் தன்னுடைய தவ முயற்சி என்று பவுலின் அறிவித்தாள். மற்ற பெண்கள் கறி மீனை விடுவார்கள், சீரியலை விடுவார்கள். இவள் என்னை விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, முழங்காலிட்டு, பங்குச்சாமியாரின் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். பவுலின் முக்காலி, பவுலின் உருண்டை, பவுலின் பிடிவாதம். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க பாவத்தைச் சொல்லுங்க இருதயராஜ். உங்க வீட்டம்மா பாவத்தை அவங்க வந்து சொல்லிக்குவாங்க."

"அதில்ல சாமி. ஒரு கட்டளை இருக்குதே, அடுத்தவன் பெண்டாட்டிமேல ஆசைப்படக்கூடாதுன்னு..."

"அந்தப் பையன் ஆசைப்படறானா?"

"அவன் சோத்துக்குத்தான் ஆசைப்படறான்."

"பத்துக் கட்டளையும் ரெண்டுல அடங்கும்னு மறைக்கல்வியில படிச்சீங்களா? கடவுளை நேசிக்கணும், தன்னை நேசிக்கிற அளவுக்கு அடுத்தவனை நேசிக்கணும். நீங்க அளவெடுக்கிற வேலைதானே பாக்கறீங்க? உங்களை நீங்க எவ்வளவு நேசிக்கிறீங்கன்னு இவ்வளவு நேரம் சொன்னீங்க. அளவு உங்ககிட்டயே இருக்குது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் அவர் அவசரமாக முடித்தார். "அவங்க போறது பிடிக்கலைன்னா நீங்க போங்க."

அவர் என் பாவத்துக்கு அபராதமாகத்தான் சொன்னார். எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று? நான் ஊட்டினால் அவள் ஊட்ட வேண்டியதில்லை. கதை முடிந்தது. 'அருள்நிறைந்த மரியே' மந்திரத்தை மூன்று தடவை அங்கேயே சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

"பவுலின், தட்டைக் குடு. இனிமே நான் ஊட்டறேன்."

"கையைக் கழுவிட்டுப் போங்க" என்று பிசைந்த சோற்றைத் தட்டோடு கொடுத்தாள்.

முதல் நாள் இரண்டு பேருக்கும் வெட்கம். மீசை வைத்த ஒருவன் மீசை வைத்த இன்னொருவனுக்கு ஊட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு வாய் இருக்கும் திசையில் கையை நீட்டினேன். ஒன்று மூக்கில் போயிற்று. எலுமிச்சை அளவுக்கு உருட்டியதில் அவனுக்குப் புரையேறியது.

"அண்ணே... கொஞ்சம் சின்னதா" என்றான்.

"அவ மட்டும் சின்னதா உருட்டுவாளோ?"

"ஆமாண்ணே" என்றான், அப்பாவியாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த உருண்டையை அவள் உருட்டுவதைவிடவும் சின்னதாக உருட்டினேன். அவளிடம் தோற்பதா?

ஊட்டலோடு நிற்கவில்லை. எந்த வேலையை நான் விட்டுவைத்தாலும் அதைச் செய்யப் பவுலின் போய்விடுவாளே. அதனால் முகம் கழுவிவிட்டேன். பல் துலக்கிவிட்டேன். மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டித் தலைக்கு ஊற்றினேன். அந்தச் சுருட்டை முடியில் சீப்பு இறங்காது, தெரியுமா? ஈரத்தோடு அடியிலிருந்து மேலே சீவ வேண்டும். கம்பெனியில் வீட்டுப் பிரச்சினை என்று சொல்லிக் காலை ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டேன், மதியமும் ராத்திரியும் அவன் சோற்றுக்கு நான் இருக்கவேண்டும் என்று. காலை இட்லியையும் மற்ற காரியங்களையும் ஹமீதுன்னிசாவின் புருஷன் சாந்த் பாஷா பார்த்துக்கொண்டார். ஒருநாள் நான் வருவதற்குள் அவனுக்கு அவர் சவரமும் செய்துவிட்டிருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு.

"பாய், யாரு உங்களைச் சவரம் பண்ணச் சொன்னது?" என்று சண்டைக்குப் போனேன்.

"அரே, இதுக்குக்கூடவா கோபம்?" என்று அவர் கையைத் தூக்கிவிட்டார். கோபம் வராதா? அவன் தாடையில் முடி இடது பக்கம் சுழி போட்டு வளரும். அது தெரியாமல் கத்தி வைக்கலாமா?

அவனுக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல்லில் கூச்சம். சோற்றை வலது பக்கம்தான் வைக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. மோர்ச்சோறு கொடுக்கும்போது கண் சுருங்குவதை வைத்து நானே கண்டுபிடித்தேன். என் தொழிலே அதுதானே.

இதற்கிடையில் பவுலினின் முகம் மாறத் தொடங்கியது. சோற்றைப் பிசைந்து தட்டை நீட்டுவாள், பேசமாட்டாள். நான் திரும்பி வந்தால், "இன்னா பேசினீங்க ரெண்டு பேரும்? இவ்வளவு நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டுது?" என்பாள். "சும்மா" என்பேன். "நாளைக்கு நான் போவட்டுமா?" என்பாள். "வேணாம், வேணாம்." எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும். பார்த்தீர்களா, அவளுக்கு அங்கே போகாமல் இருக்கமுடியவில்லை, அவன் நினைப்பு என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அவள் எவ்வளவு கேட்டாளோ அவ்வளவு பிடிவாதமாக நானே போனேன். இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒரே டப்பாவில் எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று அங்கேயே சாப்பிட ஆரம்பித்தேன். அப்போதுதானே அவள் உள்ளே வர இடம் இருக்காது.

சுவேதா போன் செய்தாள். "அப்பா, நீங்க அந்த அண்ணாவுக்கு டெய்லி ஊட்டறீங்களாமே? அம்மா சொன்னாங்க."

"எப்படிச் சொன்னா? சந்தோஷமாவா?"

"அதாம்ப்பா தெரியலை. சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க" என்றாள்.

பார்த்தீர்களா, மகளிடமும் குமுறியிருக்கிறாள் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சௌந்தரராஜன் தினமும் ஊருக்கு வீடியோ கால் பேசுவான். போனைப் பிடிப்பது நான். முகம் மட்டும் தெரிகிற மாதிரி, கழுத்துக்குக் கீழே இறங்காமல், கை ஆடாமல் பிடிக்க வேண்டும். முத்துமணி என்னைப் பார்த்ததில்லை, நான் அவளைப் போனுக்கு மேலிருந்து எட்டித் தலைகீழாகத்தான் பார்த்திருந்தேன். ஒருநாள் மதியம், பாதிச் சோற்றில் போன் வந்தது. இடது கையால் எடுத்துப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில். முத்துமணி வியர்த்த முகத்தோடு சிரித்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை.

"பொம்பளப் புள்ளைங்க" என்றாள்.

சௌந்தரராஜன் அழுதுவிட்டான். சத்தமில்லாமல், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து மூக்கில் இறங்கி வாய்க்கு வந்தது. துடைக்கக் கை இல்லை. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? நான் யோசிக்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கண்ணைத் துடைத்தேன், மூக்கையும் துடைத்தேன்.

போனில் சிரிப்பு நின்றது.

"யாரு கை அது?" என்றாள் முத்துமணி.

துண்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தேன்.

"ஏங்க, உங்க கண்ணைத் தொடைக்குற கை யாரோடது? யாரு இருக்கா அங்க உங்க கூட?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றபோது எனக்குள்ளே கேட்ட குரல் அது. பச்சை உடம்புக்காரி, அப்படி வேகக்கூடாது. போனைத் திருப்பி என் மீசையைக் காட்டினேன்.

"நான்தான்மா. பக்கத்து வீடு. இருதயராஜ். எனக்குப் பொண்டாட்டி இருக்குது, காலேஜ் போற பொண்ணு இருக்குது" என்று உளறினேன்.

அப்புறம் மாவுக்கட்டைக் காட்ட வேண்டியதாயிற்று. திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, அவுகளுக்கு எடது பக்கம் கடவாப்பல்லு கூசும். சோத்த வலது பக்கமா வைங்கண்ணே" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏன் சுள்ளென்று கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லித்தருகிறாளாம்.

குழந்தைக்கு முப்பது கழிந்ததும் கிளம்பிவிட்டாள். குருத்தோலை ஞாயிறன்று காலை நாகர்கோவில் ரயிலில் தம்பியோடு வந்து இறங்கினாள். நாங்கள் பூசைக்குப் போயிருந்ததால் எனக்கு அது தெரியாது. கட்டு அதற்கு முந்தின வாரமே பிரித்தாகிவிட்டது. ஆனால் விரல் மடங்கவில்லை, பிடித்ததெல்லாம் நழுவியது. அதனால் ஊட்டல் தொடர்ந்தது.

மதியம் வழக்கம்போலத் தட்டைக் கேட்டேன். அன்றைக்குப் பவுலின், "சோறு இருக்குது, குழம்பு இருக்குது, நீங்களே பிசைஞ்சுக்கோங்க" என்று மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. சரி போ என்று நானே பிசைந்தேன். நன்றாகவே பிசைந்தேன். பழகிவிட்டதே. எடுத்துக்கொண்டு ஐந்தாவது வாசலுக்குப் போனேன்.

என் முக்காலியில் முத்துமணி உட்கார்ந்திருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவன் கண்ணை மூடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றான். வாய் நிறையச் சோற்றோடு என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்கண்ணே, வாங்க" என்று முத்துமணி எழப்போனாள். "உக்காருங்கண்ணே. எந்தச் சாமி உங்கள அனுப்புச்சோ. இனிமே நான் பாத்துக்கிடுறேன்ணே, நீங்க பட்ட பாடு போதும்."

சந்தோஷப்பட வேண்டியவன் நான். நான் கேட்டது இதுதானே? இனி என் மனைவிக்கு அங்கே வேலை இல்லை. அவள் கை இனி எனக்கு. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் நாள் எரிந்த அதே எரிச்சல். உருண்டை பெரிது. குழம்பு போதாது. இவளுக்கு என்ன தெரியும்? குழந்தை விழித்துக்கொண்டால் பாதியில் விட்டுவிடுவாளே. "வலது பக்கம்" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்று திரும்பினேன். எட்டு வாசல் லைனில் மூன்று வாசல் தூரம்தான் எங்கள் வீடு. பிசைந்த தட்டோடு அதைக் கடக்க எனக்கு அவமானமாக இருந்தது.

பவுலின் மெஷினை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். குருத்தோலையில் மடித்த சிலுவை மெஷின்மேல் கிடந்தது.

"இன்னா, திருப்பி அனுப்பிட்டாளா? கொழந்தை அழுவுற சத்தம் எனக்கு அப்பவே கேட்டுது."

"அவ பாத்துக்கிறாளாம்."

"அப்பாடா" என்றாள்.

"உனக்கு இன்னாடி அப்பாடா?"

அவ்வளவுதான். எழுந்தே விட்டாள். "ஏன், எனக்கு இருக்காதா? தவக்காலம் பூரா வெந்துனு இருந்தேன் நானு. தினம் சோறு பிசைஞ்சு குடுத்தது நானு, சிரிச்சுச் சிரிச்சு ஊட்டினது நீங்க. அவனுக்கு ஒரு வாய், உங்களுக்கு ஒரு வாய்னு அங்கயே சாப்பாடு. நான் தனியா உக்காந்து இந்தச் செவுத்தைப் பாத்து சாப்ட்டேன். 'நான் போவட்டுமா'ன்னு எத்தனை தடவை கேட்டேன், எதுக்கு? நான் போனா நீங்க வீட்ல இருப்பீங்கன்னுதான். எனக்கு டைபாய்டு வந்தப்போ கஞ்சியை ஸ்டூல்மேல வச்சுட்டு, 'குடிச்சுக்க'ன்னு ஷிப்டுக்குப் போன மனுஷன் நீங்க. ஊர்ல எவனுக்கோ தலை சீவிவிடறீங்க, மூக்கு சிந்திவிடறீங்க. இருபது வருஷத்துல எனக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பீங்களா?"

மூக்கு சிவந்து, கண் நிறைந்து நின்றாள். ஊரையே நேசிக்கிற பவுலின். யாருக்கும் எதையும் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற பவுலின். பொறாமைப்பட்டிருக்கிறாள்! என்மேல்! ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஈஸ்டர் எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது.

"உக்காரு" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். அவனுக்குப் பிசைஞ்சதுதானே அது."

"உக்காருடி."

உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்து ஓர் உருண்டை உருட்டினேன், சின்னதாக. அதை எடுக்கும்போது வாசலில் நிழல். ஹமீதுன்னிசா. ஷிப்டிலிருந்து வந்திருக்கிறாள்.

"அக்கா, சாவி" என்றாள்.

பவுலின் பழக்கதோஷத்தில் எழுந்தாள். நான் அவள் தோளை முழங்கையால் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஆணியிலிருந்து மூன்றாவது வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஹமீதுன்னிசா என் கையைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடி உட்கார்ந்தேன். பவுலின் வாயைத் திறந்தாள். கை வாய்வரை போய் நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் வைக்கட்டும்? உனக்கு எந்தப் பக்கம் பல்லு கூசும்?" என்று கேட்டேன்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஐந்தாவது வீட்டுக்காரன் பல் தெரியும் எனக்கு. இவள் பல் தெரியாது.

"சொல்லமாட்டேன்" என்றாள் பவுலின். "நீங்களே கண்டுபிடிங்க."